ஆடிக் காத்துல இறங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல முதல் சோலோ (இன்ஸ்ட்ரக்டர் இல்லாம தனியா பறக்குறது) பத்தி எழுதினதுக்கு வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே விஷயம்தான், விமானத்தை இறக்கும்போது அடிக்கிற காத்து. ட்ரெயினிங் போயிட்டிருக்கிற பசங்க கேக்குறாங்க, பெத்தவங்க கேக்குறாங்க, ஜன்னல் சீட்டுல உக்காந்து பயந்துபோன ஒரு பயணியும் கேட்டிருக்காரு. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே. பேர் போட வேணாம்னு நிறைய பேர் சொல்லியிருக்கீங்க, அதனால யாரு பேரையும் போடலை.

கேள்வி: சார், எனக்கு சொந்த ஊரு திருநெல்வேலி, வடக்க ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல செஸ்னா 172-ங்கிற சின்ன விமானத்துல ட்ரெயினிங் போயிட்டிருக்கு. காலைல ஆறு மணி ஸ்லாட்னா லேண்டிங் நல்லா வருது, இன்ஸ்ட்ரக்டர் கையக் கட்டிட்டு உக்காந்திருப்பாரு. அதே பதினோரு மணிக்கு மேல போனா ஃபைனல்ல (ரன்வேக்கு நேரா இறங்கி வர்ற கடைசிக் கட்டம்) விமானம் ஆடுது, அது ஆட ஆட நானும் யோக்கை (விமானத்தோட கைப்பிடி) ஆட்டுறேன், கடைசில அவரு 'ஐ ஹேவ் கன்ட்ரோல்'னு வாங்கிடுறாரு. என் பேட்ச் பசங்க சோலோ போயாச்சு. எனக்கு இது வராதோ?

பதில்: வரும் தம்பி. காலைல ஆறு மணிக்கு நல்லா இறக்குறீங்கன்னா உங்களுக்கு லேண்டிங் தெரியும்னு அர்த்தம். பதினோரு மணிக்கு வர்றது வேற பாடம், அதைத் தனியா கத்துக்கணும், அவ்வளவுதான்.

ஏன் காலைல அமைதியா இருக்கு, அப்புறம் ஏன் இப்படி ஆகுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க. ராத்திரில தரை குளிர்ந்து, அதை ஒட்டியிருக்கிற காத்தும் குளிர்ந்து கனமாகி கீழயே தங்கிடும், மேல ஆயிரம் ரெண்டாயிரம் அடில ஓடுற வேகமான காத்து அதுக்கு மேலயே போயிட்டிருக்கும், தரைக்கு வராது. அதான் விடிகாலைல விண்ட்சாக் (காத்தைக் காட்டுற துணிக் குழாய்) தொங்குது. வெயில் ஏறுனதும் தரை சூடாகி காத்து மேல கிளம்புது, அது போன இடத்துக்கு மேல இருக்கிற வேகமான காத்து இறங்குது, ஒரே சீரா இறங்காம திட்டுத்திட்டா வந்து விழுது. அதுதான் கஸ்ட். மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு உச்சம், பொழுது சாயச் சாய அடங்கிடும். வட இந்தியாவுல ஏப்ரல், மே-ல மேற்குலேர்ந்து 'லூ'ன்னு ஒரு அனல் காத்து வேற அடிக்கும், உங்க ஸ்கூல் அந்தப் பக்கம்னா இதெல்லாம் உங்களுக்கு தினப்படி சாப்பாடு.

இப்போ விமானத்துக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. நீங்க 65 நாட்ல (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) ஃபைனல்ல வர்றீங்க. எதிர்காத்து திடீர்னு 10 நாட் குறையுது. விமானத்துக்கு எடை இருக்கு, அதால உடனே வேகம் எடுக்க முடியாது, அதனால அந்த நொடி ஏர்ஸ்பீடு, அதாவது காத்தை வச்சுப் பாத்தா விமானத்தோட வேகம், 55. இறக்கை தூக்குற சக்தி வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது, 55-ஐ 65-ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 0.72 கிட்ட வரும், அதாவது 10 நாட் போனதுக்கு தூக்குற சக்தில 28 சதவீதம் போயிடுச்சு. அதான் வயித்தைக் கலக்குற மாதிரி 'டக்'னு கீழ இறங்குது. அடுத்த நொடி காத்து திரும்பி வந்தா அதே கணக்கு தலைகீழா, மேல தூக்குது. இதுல உங்க தப்பு எதுவுமே இல்ல. நீங்க அதுக்குப் பதில் சொல்றேன்னு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யோக்கைத் தள்ளி இழுக்கும்போதுதான் பிரச்சனை ஆரம்பிக்குது, ஏன்னா நீங்க பாத்து, யோசிச்சு, கை அசைஞ்சு, விமானம் அதுக்குத் திரும்புறதுக்குள்ள அந்த கஸ்ட் போயிடும், உங்க திருத்தம் அடுத்த கஸ்டோட சேர்ந்துக்கும். பாதி ஆட்டம் காத்தோடது, மீதி பாதி நம்மளோடது.

அதனால செய்ய வேண்டியது இது. 500 அடில இருந்து வேகத்தையும் மூக்கோட நிலையையும் ட்ரிம் பண்ணி (கையால அழுத்திப் பிடிக்காமலே அது தானா நிக்கிற மாதிரி செட் பண்ணி) உக்கார வையுங்க. யோக்கை ரெண்டு விரலும் கட்டைவிரலும் மட்டும் வச்சுப் பிடிங்க, முஷ்டியா பிடிச்சா முழங்கை வரைக்கும் இறுகிடும், அப்புறம் சின்னத் திருத்தம்னு ஒண்ணு கையில வரவே வராது. ஸ்பீடு முள்ளைத் துரத்தாதீங்க, அது 60-க்கும் 72-க்கும் நடுவுல ஆடத்தான் செய்யும், சராசரி எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க. இறக்கை சாஞ்சா உடனே சமன் பண்ணுங்க, அதுல தாமதம் கூடாது. மூக்கு கொஞ்சம் ஏறி இறங்குனா அதைப் பெரும்பாலும் அது இஷ்டத்துக்கு விடலாம், தானா திரும்பி வரும். இன்னொரு கை த்ராட்டில்லயே (இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கிறது) இருக்கணும், ஒரு நொடி கூட எடுக்காதீங்க, கீழ அமுங்குற மாதிரி தெரிஞ்சா கொஞ்சம் பவர் குடுத்துட்டு, நிலைச்சதும் அதை எடுத்துடுங்க. குடுத்த பவரைத் திரும்ப எடுக்க மறந்துட்டு ரன்வே பாதி வரைக்கும் மிதந்துட்டே போற பசங்க நிறைய.

கடைசி 50 அடி தனி கதை. தரைக்குப் பக்கத்துல உராய்வால காத்து தானாவே குறையும், 100 அடில 20 நாட் இருந்த எதிர்காத்து ரன்வே மேல 12-ஆ இருக்கலாம், அதாவது கஸ்டே அடிக்காட்டியும் கடைசி சில நொடில உங்க ஏர்ஸ்பீடு கரையும். ஹேங்கரோ மரமோ காத்து வர்ற பக்கம் இருந்தா அது பின்னாடி காத்து சுருண்டு உருண்டு வரும், எந்த இடத்துல அது தட்டுதுன்னு உங்க ஏரோட்ரோம்ல பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும், கேட்டு வச்சுக்கங்க. ஃப்ளேர் (தொடுறதுக்கு முன்னாடி மூக்கை லேசா தூக்குறது) வரும்போது கண்ணை ரன்வேயோட அடுத்த முனைக்குக் கொண்டு போங்க. பவரை மொத்தமா பட்டுனு மூடாம, கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டே பின் சக்கரம் ரெண்டும் முதல்ல தொடுற மாதிரி உக்கார வையுங்க. காலைல பண்ற மாதிரி இழுத்து இழுத்துப் பிடிச்சு, ஸ்டால் வார்னிங் (வேகம் போதாம இறக்கை தூக்குறதை விடப் போகுதுங்கிற எச்சரிக்கை) கத்த விட்டு, வெண்ணெய் மாதிரி இறக்கணும்னு இங்க ஆசைப்படக் கூடாது. அப்படி ரன்வே மேல மிதக்கிற ஒவ்வொரு நொடியும் அடுத்த கஸ்டுக்கு நீங்க குடுக்கிற வாய்ப்பு. கொஞ்சம் 'தட்'னு உக்காந்தாலும் நேரா, நடுக்கோட்டுல, பின் சக்கரத்துல உக்காந்தா அது அருமையான லேண்டிங்.

உங்க இன்ஸ்ட்ரக்டர்கிட்ட ஒரு காரியம் கேளுங்க. பதினோரு மணி ஸ்லாட்ல ஒரு முழு சார்ட்டி (ஒரு தடவை போய்ப் பறந்து வர்றது), லேண்டே பண்ண வேணாம், ரன்வே மேல அஞ்சு பத்து அடி உயரத்துல நடுக்கோட்டைப் பிடிச்சுக்கிட்டே அந்த முனை வரைக்கும் பறந்துட்டு கோ-அரவுண்ட், அதாவது இறங்காம திரும்ப மேல போயிடணும். அவரு த்ராட்டில் பாத்துக்கட்டும், நீங்க கையும் காலும் மட்டும். இறங்கியாகணுங்கிற பதட்டம் இல்லாம காத்து என்ன பண்ணுதுன்னு கைக்குத் தெரிய வைக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பேட்ச் பசங்க சோலோ போனதைப் பத்திக் கவலைப்படாதீங்க, இந்தியாவுல சிபிஎல்லுக்கு (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) 200 மணி நேரம் பறக்கணும், அதுல யாரு முதல்ல சோலோ போனாங்கன்னு லைசென்ஸ்ல எழுத மாட்டாங்க.

கேள்வி: மெட்டார்ல (விமான நிலைய வானிலை அறிக்கை) 'ஜி'ன்னு, அதாவது கஸ்ட்னு வந்தா எவ்வளவு ஸ்பீடு கூட்டணும்? ஒருத்தர் பாதி கூட்டுங்கிறார், ஒருத்தர் மொத்தமும் கூட்டுங்கிறார். – மாணவி, கோயம்புத்தூர்

பதில்: பாதி. ஆனா எதுல பாதிங்கிறதுல நிறைய பேர் குழம்புறாங்க. மெட்டார்ல காத்து 240, 14, ஜி 26 நாட்னு இருக்குன்னு வைங்க. 240 திசை, 14 கடைசி பத்து நிமிஷ சராசரி, 26 அந்த நேரத்துல தொட்ட உச்சம். ரெண்டுக்கும் வித்தியாசம் 12, அதுல பாதி 6. உங்க சாதாரண அப்ரோச் ஸ்பீடு 65-னா 71-ல வாங்க. சிலர் 26-ல பாதி 13-ஐக் கூட்டிட்டு 78-ல வர்றாங்க, அது ரொம்ப அதிகம், ரன்வேல உக்காராம மிதந்துட்டே போகும். வேகம் 10 சதவீதம் கூடுனா நிறுத்த வேண்டிய சக்தி 21 சதவீதம் கூடுது, ரன்வே சின்னதா இருந்தா இதையும் கணக்குல எடுக்கணும்.

அதே காத்து, ரன்வே 27-னு, அதாவது 270 டிகிரி பாத்ததுன்னு வைங்க. திசை வித்தியாசம் 30 டிகிரி, 30-ன்னா பக்கக் காத்து பாதி. அதாவது சராசரில 7 நாட், கஸ்ட் அடிக்கும்போது 13. 45 டிகிரின்னா முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கம்மி, 60-க்கு மேல போனா மொத்தமும் பக்கத்துல இருந்து வருதுன்னே வச்சுக்கலாம். கணக்கை எப்பவும் கஸ்டை வச்சுப் போடுங்க, சராசரியை வச்சு இல்ல, ஏன்னா நீங்க தொடுற நொடில எது இருக்கும்னு யாருக்கும் தெரியாது. செஸ்னா 172-ஓட கையேட்டுல டெமான்ஸ்ட்ரேட்டட் க்ராஸ்விண்ட் (சோதனைல இறக்கிக் காட்டுன பக்கக் காத்து) 15 நாட்னு போட்டிருக்கும், அதைவிடச் சின்ன செஸ்னா 152-ல 12. இந்த 13-ங்கிறது 172-க்கு உள்ள இருக்கு, 152-க்கு வெளிய போயிடுச்சு, சோலோ மாணவருக்கு ரெண்டுலயுமே அதிகம்.

இன்னொண்ணு, டவர் வாயால சொல்ற காத்து ரெண்டு நிமிஷ சராசரி, மெட்டார் பத்து நிமிஷம். ஃபைனல்ல இருக்கும்போது 'விண்ட் செக்'னு கேளுங்க, கேக்குறதுல தயக்கமே வேணாம், சொல்றது அவங்க வேலை. கூடவே விண்ட்சாக்கை உங்க கண்ணால ஒரு தடவை பாருங்க. முழுசா நிமிர்ந்து நின்னா பொதுவா 15 நாட் கிட்ட. நிமிர்றதும் தொங்குறதுமா இருந்தாலோ, ரன்வேயோட ரெண்டு முனைல இருக்கிற சாக் ரெண்டும் வேற வேற பக்கம் காட்டுனாலோ மெட்டார் சொல்லாத சேதி அதுல இருக்கு. நீங்க கோவைக்காரங்க, உங்களுக்கு நான் சொல்லவே வேணாம், ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஒரு நாள் முழுக்க ஒரே மாதிரி இருந்து நான் பாத்ததில்ல.

கேள்வி: அண்ணா, நியூசிலாந்துல க்ரைஸ்ட்சர்ச் பக்கம் படிக்கிறேன். இங்க நார்வெஸ்டர்னு ஒரு காத்து மலையில இருந்து இறங்கி வருது, செம முரடு. ஒரு இன்ஸ்ட்ரக்டர் க்ராப் பண்ணி வந்து கடைசில ரடர் (காலால மிதிச்சு மூக்கைத் திருப்புற வால் பலகை) போட்டு நேராக்குன்னு சொல்றாரு, இன்னொருத்தர் முதல்லேர்ந்தே விங்-லோன்னு சொல்றாரு. எது சரி?

பதில்: ரெண்டும் சரி தம்பி, ஆனா கஸ்ட் காத்துல மாணவருக்கு எதுன்னு கேட்டா நான் விங்-லோ பக்கம்தான் நிப்பேன். முழு ஃபைனலுக்கும் வேணாம், 300, 200 அடி வரைக்கும் க்ராப்ல சுகமா வாங்க, அப்புறம் மெதுவா மாத்துங்க.

காரணம் சொல்றேன். க்ராப்னா மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பிட்டு கோணலா வர்றது, 12 நாட் பக்கக் காத்துக்கு 65 நாட்ல வந்தா 11 டிகிரி திரும்பியிருக்கும். அதைத் தொடுறதுக்கு ஒரு நொடி முன்னாடி ரடரால நேராக்கணும். சீக்கிரம் நேராக்குனா காத்து உங்களை நடுக்கோட்டை விட்டுத் தள்ளிடும், லேட்டா நேராக்குனா சக்கரம் பக்கவாட்டுல சுமை வாங்கும். எந்த நொடில தொடப் போறோம்னு தெரிஞ்சாதான் இது வேலை செய்யும், கஸ்ட் காத்துல அந்த நொடி நம்ம கையில இல்லவே இல்ல, தொடப் போறோம்னு நினைக்கும்போது மூணு அடி தூக்கிடும்.

விங்-லோவுல அந்த அவசரம் இல்ல. நம்ம ஊர் ஆரல்வாய்மொழி ரோட்டுல காத்தாடிகளுக்கு நடுவுல பைக் ஓட்டியிருந்தீங்கன்னா இது உடம்புக்கே தெரியும், காத்து வர்ற பக்கம் வண்டியைச் சாய்ச்சுக்கிட்டே நேரா போவோம். அதேதான், ஐலெரானால (யோக்கைத் திருப்பி இறக்கையைச் சாய்க்கிற பலகை) காத்துப் பக்க இறக்கையைத் தாழ்த்துங்க, அது உங்களைக் காத்துப் பக்கம் இழுக்கும், எதிர்ப்பக்க ரடரால மூக்கை நடுக்கோட்டோட சேர்த்து வையுங்க. காலுக்கு மூக்கு, கைக்கு நடுக்கோடு, இப்படி வேலையைப் பிரிச்சுக்கிட்டா குழப்பமே இல்ல. விலகிப் போறோமா, இறக்கையைக் கூட்டிக் குறைங்க. மூக்கு கோணுதா, ரடரைக் கூட்டிக் குறைங்க. ரடர் முழுக்க மிதிச்சும் மூக்கு நேராகலைன்னா அன்னிக்குக் காத்து விமானத்தோட சக்தியைத் தாண்டிடுச்சு, அது தரைக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சுடுது பாருங்க, க்ராப்ல அது கடைசி நொடி வரைக்கும் தெரியாது. எனக்கு இந்த முறை பிடிக்கிறதுக்கு இதுதான் பெரிய காரணம்.

தொடும்போது காத்துப் பக்கச் சக்கரம் முதல்ல, அப்புறம் மத்தது, கடைசில மூக்குச் சக்கரம். சக்கரம் தொட்டதும் ஐலெரானை நேராக்கிடாதீங்க. வேகம் குறையக் குறைய ஐலெரானோட பிடி குறையும், அதனால இன்னும் இன்னும் காத்துப் பக்கம் திருப்பிக்கிட்டே போய், நிக்கும்போது முழுசா திரும்பியிருக்கணும். பறக்குறது முடிஞ்சிடுச்சுன்னு கையைத் தளர்த்துற அந்த இடத்துலதான் காத்துப் பக்க இறக்கை எழும்பும், மூக்கு காத்தைப் பாத்துத் திரும்பும், ரன்வேயை விட்டுப் புல்லுக்குள்ள போயிடும். டாக்ஸி பண்ணும்போதும் விடாதீங்க, 172-க்கு இறக்கை மேல, பின்பக்கம் சாய்வா வர்ற காத்து அடில புகுந்து தூக்கும்.

உங்க ஊருக்குன்னு ஒரு குறிப்பு. மெட்டார் காத்தை உண்மையான வடக்கை வச்சு சொல்லும், ரன்வே நம்பர் காந்த வடக்கை வச்சு. தமிழ்நாட்டுல ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுக்கிற அளவு இல்ல, உங்க க்ரைஸ்ட்சர்ச் பக்கம் 20 டிகிரிக்கு மேலயே வந்துடும், கணக்கு போடும்போது அதைச் சேர்க்கலைன்னா பக்கக் காத்து தப்பா வரும். க்ரைஸ்ட்சர்ச்சுல குறுக்கு ரன்வே 11/29-னு ஒண்ணு இருக்குல்ல, நார்வெஸ்டர் அன்னிக்கு அது பெரிய வரம், கிடைச்சா வாங்கிக்கங்க.

கேள்வி: கஸ்ட் இருக்கும்போது ஃப்ளாப்ஸ் (இறக்கையோட பின் ஓரத்துல கீழ இறக்குற பலகை) முழுசா போடலாமா?

பதில்: பக்கக் காத்து பலமா இருந்தா, ரன்வே நீளத்துக்கு எவ்வளவு குறைச்சலா போட்டா போதுமோ அவ்வளவு போடுங்கன்னுதான் 172 கையேடே சொல்லுது. ஃப்ளாப்ஸ் அதிகமானா மெதுவான வேகத்துல மிதப்பு கூடும், கஸ்ட் தூக்குறதும் கூடும். விங்-லோ பண்றவங்களுக்கு இன்னொரு காரணம், 20 டிகிரிக்கு மேல ஃப்ளாப்ஸ் இருக்கும்போது ரொம்ப அதிகமா ஸ்லிப் (விங்-லோ மாதிரி இறக்கையைச் சாய்ச்சு எதிர் ரடர் போட்டு வழுக்குறது) பண்றதைத் தவிர்க்கணும்னும் அதே கையேட்டுல இருக்கு. உங்க விமானத்தோட கையேட்டைப் பாருங்க, வேற மாடல்னா வேற சொல்லும்.

கேள்வி: என் மகள் மகாராஷ்டிராவுல பைலட் படிக்கிறாள். 'இன்னிக்கு செம காத்தும்மா, லேண்டிங் அப்படி இப்படி ஆயிடுச்சு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாள், எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்லை. சின்ன விமானம் காத்துல கவிழ்ந்துடாதா ஐயா? – ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: அம்மா, உங்க பயத்துல ஒரு தப்பும் இல்ல. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி காத்து தூக்கிப் புரட்டிப் போடுறது இல்ல. விமானம் காத்துக்குள்ளயே போற பொருள், ஆடும், ஏறி இறங்கும், ஆனா தானா நிலைக்கு வர்ற மாதிரிதான் அதோட அமைப்பே. செஸ்னா 172 மாதிரி விமானத்தோட உடம்பை அதோட எடையைப் போல 3.8 மடங்கு சுமை தாங்குற மாதிரி கட்டியிருக்காங்க, ஃபைனல்ல வர்ற ஆட்டம் அதுக்குப் பக்கத்துல கூட வராது.

பொய்யும் சொல்ல மாட்டேன். சின்ன விமானங்களுக்கு வர்ற விபத்துல தரையிறங்கும்போது கட்டுப்பாடு போறது அடிக்கடி நடக்குறதுதான். அதுல பெரும்பாலும் அடிபடுறது ப்ரொபெல்லரும் மூக்குச் சக்கரமும், ஆளுங்க நடந்து வெளிய வந்துடுவாங்க, ஏன்னா வேகம் குறைச்சல். இன்ஸ்ட்ரக்டர் கூட இருக்கிற வரைக்கும் அவருக்குத் தனியா கன்ட்ரோல் இருக்கு. சோலோன்னா இன்ஸ்ட்ரக்டர் அன்னிக்குக் காத்தைப் பாத்து அனுமதி குடுத்தாதான் போக முடியும், மாணவர்களுக்குன்னு ஸ்கூல் தனியா ஒரு காத்து வரம்பு வச்சிருக்கும், அது விமானத்தோட வரம்பைவிடக் குறைச்சலா இருக்கும்.

ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கிறேன்மா. அவ போன் பண்ணும்போது 'நல்லா இறக்குனியா'ன்னு மட்டும் கேக்காதீங்க, 'சரியா வரலைன்னு தோணி திரும்ப மேல போனியா'ன்னும் கேளுங்க. ஆமான்னு சொன்னா சந்தோஷப்படுங்க, அவகிட்டயும் அதைச் சொல்லுங்க. வீட்ல அதை மெச்சிக்கிறாங்கன்னு தெரிஞ்ச பிள்ளைக்கு அந்த முடிவை எடுக்குறது இன்னும் சுலபமா இருக்கும். நிம்மதியா தூங்குங்க.

கேள்வி: ஃப்ளேர்ல திடீர்னு மேல தூக்கிடுச்சு, மூக்கைக் கீழ தள்ளுனேன், அடிச்சு துள்ளுச்சு, திரும்பத் தள்ளுனேன், இன்னும் துள்ளுச்சு. இன்ஸ்ட்ரக்டர் செம திட்டு. என்ன பண்ணியிருக்கணும்?

பதில்: தள்ளியிருக்கக் கூடாது. கை தானா தள்ளத்தான் பாக்கும், அதை ஜெயிக்கணும்.

கஸ்ட் தூக்குனது தற்காலிகம், அடுத்த நொடி அந்தக் காத்து போயிடும், அப்போ நீங்க பத்தடி உயரத்துல வேகம் இல்லாம நிப்பீங்க. அந்த நேரத்துல மூக்கும் கீழ இருந்தா மூக்குச் சக்கரம் முதல்ல அடிக்கும். அது அடிச்சா மூக்கு மேல எறியப்படும், நீங்க மறுபடி தள்ளுவீங்க, உங்க கை எப்பவும் விமானத்துக்கு ஒரு படி லேட்டா இருக்கும், அதனால ஒவ்வொரு துள்ளலும் முன்னதைவிடப் பெருசாகும். மூணாவது நாலாவதுல மூக்குச் சக்கரம் மடங்கும், ப்ரொபெல்லர் ரன்வேயை வெட்டும். அப்புறம் இன்ஜினைப் பிரிச்சுப் பாக்காம பறக்க விட மாட்டாங்க.

கொஞ்சமா தூக்குச்சுன்னா, ஒரு ரெண்டு மூணு அடி, மூக்கை அந்த லேண்டிங் நிலையிலயே நிறுத்தி வச்சுக்கிட்டு துளி பவர் குடுங்க, அது தானா இறங்கும்போது மறுபடி ஃப்ளேர் பண்ணுங்க, முன்னாடி ரன்வே மிச்சம் இருந்தா மட்டும். அதுக்கு மேல தூக்குனாலோ, ஒரு தடவை துள்ளுனாலோ யோசிக்க எதுவும் இல்ல, கோ-அரவுண்ட். முழு த்ராட்டில், பழைய மாடல்னா கார்ப் ஹீட் (கார்புரேட்டரைச் சூடாக்குற குமிழ்) உள்ள, உடனே வலது ரடர். ஃப்ளாப்ஸோட ட்ரிம்மும் சேர்ந்து மூக்கை நல்லா மேல தூக்கும், அதை யோக்கால அழுத்திப் பிடிக்கணும், இங்க மட்டும் பலமா பிடிக்கலாம். ஃப்ளாப்ஸ் 20-க்கு, வேகம் 60 வந்ததும் ஏறத் தொடங்குங்க, மீதி ஃப்ளாப்ஸ் கொஞ்சம் கொஞ்சமா. பதட்டத்துல ஃப்ளாப்ஸை ஒரேயடியா மேல எடுத்துடாதீங்க, தொப்புனு விழும்.

கோ-அரவுண்ட் போனா ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்கன்னு இன்னும் ரெண்டு மூணு பேர் எழுதியிருக்கீங்க. எனக்கு இதைப் படிச்சா உண்மையிலயே கஷ்டமா இருக்கு. கிண்டல் பண்றவன் உங்க விமானத்துல உக்காந்திருக்கலை. ஃபைனலுக்கு வரும்போதே மனசுல 'நான் கோ-அரவுண்ட் போறேன், எல்லாம் சரியா அமைஞ்சா மட்டும் இறங்குவேன்'னு வச்சுக்கிட்டு வாங்க. 300 அடில வேகம், நடுக்கோடு, இறங்குற கோணம் மூணுல ஒண்ணு கட்டுல இல்லைன்னாலும் போயிடுங்க. ஏர்லைன்ல கேப்டனுங்களும் இதைத்தான் பண்றாங்க, ஒரு வித்தியாசமும் இல்ல.

கேள்வி: சென்னைக்கு வந்த ஒரு விமானம் ரன்வேயை நேரா பாக்காம கோணலா வந்தது, ஜன்னல் வழியா எனக்கு ரன்வே தெரிஞ்சது. பைலட்டுக்குக் கட்டுப்பாடு போயிடுச்சா?

பதில்: இல்ல சார், அவருக்கு நல்ல கட்டுப்பாடு இருந்தது. மேல நியூசிலாந்து தம்பிக்குச் சொன்ன க்ராப்தான் அது. பெரிய விமானத்துல இறக்கைக்குக் கீழ இன்ஜின் தொங்குது, ரொம்ப சாய்ச்சா தரைல தட்டும், அதனால பெரும்பாலும் க்ராப்லயே வந்து கடைசில நேராக்குவாங்க. அமெரிக்காவோட பி-52 குண்டுவீச்சு விமானத்துல சக்கரத்தையே கோணலா திருப்பி வச்சுக்கிட்டு இறங்கலாம், அப்படியும் ஒரு ஏற்பாடு உண்டு.

பெரிய விமானத்துக்கும் இது சின்ன விஷயம் இல்ல. 2008 மார்ச் 1, எம்மான்னு ஒரு புயல் அன்னிக்கு, லுஃப்தான்சாவோட ஏர்பஸ் ஏ320 மியூனிக்லேர்ந்து ஹாம்பர்க் வந்தது. ரன்வே 23, டவர் சொன்ன காத்து 300 டிகிரி, 33 நாட், கஸ்ட் 47. தொட்ட நொடில வலது பக்கம் எழும்பி இடது இறக்கை நுனி ரன்வேல உரசிடுச்சு. உடனே கோ-அரவுண்ட் போனாங்க, காத்துக்கு ஓரளவு நேரா இருந்த ரன்வே 33-ஐ வாங்கி இறங்குனாங்க, உள்ள இருந்த யாருக்கும் காயம் இல்ல. பின்னாடி ஜெர்மனி விசாரணைல வெளிய வந்த ஒரு விஷயத்தை என் மாணவர்கள் எல்லாருக்கும் சொல்லுவேன். 'மேக்ஸிமம் டெமான்ஸ்ட்ரேட்டட் க்ராஸ்விண்ட்'ங்கிற அந்த எண்ணை சில பைலட்டுங்க தாண்டக் கூடாத வரம்புன்னு நினைச்சிருக்காங்க, சிலர் வெறும் தகவல்னு நினைச்சிருக்காங்க. சோதனை பைலட் அந்த அளவு காத்துல இறக்கிக் காட்டுனாருங்கிறதுதான் அந்த எண்ணோட அர்த்தம். உங்க வரம்பு என்னன்னு அது சொல்லலை, அதை நீங்களும் உங்க இன்ஸ்ட்ரக்டரும் உக்காந்து பேசி ஒரு எண்ணா லாக்புக் பின் அட்டைல எழுதி வைக்கணும்.

கேள்வி: சோலோ போகும்போது 6 நாட் இருந்தது, ட்ரெயினிங் ஏரியால இருந்து திரும்பி வரும்போது டவர் 18 கஸ்ட் 25-னு சொல்லுது. என் வரம்பைத் தாண்டிடுச்சு. அப்போ என்ன செய்யணும்?

பதில்: முதல்ல எரிபொருளைப் பாருங்க, எத்தனை நிமிஷம் இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. அந்த எண்ணு தெரிஞ்ச உடனே பாதி பதட்டம் போயிடும், ஏன்னா பெரும்பாலும் அது நீங்க பயந்ததைவிட அதிகமா இருக்கும். நேரம் இருக்குன்னா இறங்க அவசரமே இல்ல.

அடுத்து டவர்கிட்ட 'ஸ்டூடன்ட் சோலோ'ன்னு சொல்லுங்க, காத்து உங்க வரம்பைத் தாண்டிடுச்சுன்னும் நேரடியா சொல்லுங்க. வெக்கப்பட்டு மறைக்க வேண்டிய விஷயமே இல்ல இது, சொல்லாட்டி அவங்க உங்களை மத்த ட்ராஃபிக் மாதிரிதான் நடத்துவாங்க, சொன்னா வழி விட்டுக் குடுப்பாங்க. உங்க இன்ஸ்ட்ரக்டரை டவருக்கோ ஸ்கூலோட ஆப்பரேஷன்ஸ் ரேடியோவுக்கோ கூப்பிடச் சொல்லுங்க, தெரிஞ்ச குரல் காதுல விழுந்தா கை தானா இலகுவாகும். காத்துக்கு நேரா வேற ரன்வே இருந்தா கேளுங்க. மழை மேகம் கிட்ட வந்ததால எழும்புன காத்துன்னா அது அடங்க எவ்வளவு நேரம் ஆகும்னு கேளுங்க, பல நேரம் இருபது முப்பது நிமிஷத்துல தணிஞ்சிடும், அது வரைக்கும் மேகத்துக்கு எதிர்ப்பக்கமா விலகி வட்டம் போடலாம். மத்தியான வெயில் காத்துன்னா சாயங்காலம் வரைக்கும் குறையாது, அப்போ காத்திருந்து எரிபொருளைக் கரைக்காம, காத்துக்கு நேரா ரன்வே இருக்கிற பக்கத்து ஏரோட்ரோமுக்குப் போயிடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த ஏரோட்ரோமோட ஃப்ரீக்வென்சி, ரன்வே திசை, போற ஹெட்டிங் மூணும் முழங்கால் பேட்ல எழுதியிருக்கணும், ஒவ்வொரு சோலோவுக்கும். வேற ஊர்ல இறங்கி வண்டி புடிச்சு வந்தாங்கன்னு எந்த நல்ல ஸ்கூலும் மாணவரைத் திட்டாது.

வேற வழியே இல்ல, இங்கதான் இறங்கணும்னா, நீளமான ஃபைனல் கேளுங்க, ஃப்ளாப்ஸ் குறைச்சலா, பாதி கஸ்ட் கூட்டுன வேகத்துல வாங்க, ரன்வே அகலமா இருந்தா காத்து வராத பக்க ஓரத்துல இருந்து காத்து வர்ற பக்கம் கொஞ்சம் சாய்வா இறங்குனா பக்கக் காத்தோட கோணம் கொஞ்சம் குறையும். முதல் தடவையே இறங்கிடணும்னு இல்ல. இறங்குனதும் நடுக்கோட்டுலயே நின்னுடுங்க, டாக்ஸி பண்ண பயமா இருந்தா அங்கயே நின்னுட்டு ஆள் அனுப்பச் சொல்லுங்க, ரெண்டு பேர் வந்து இறக்கையைத் தாங்குற கம்பியைப் (ஸ்ட்ரட்) பிடிச்சுக்கிட்டு கூடவே நடந்து வருவாங்க.